எம்.இ.யில் சிஸ்டம்ஸ், நெட்வொர்க்கிங் எடுப்பதற்கு முன் வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்?

மதுரையில் பி.இ. முடித்தவர் கேட்டிருப்பதால் முதலில் சேர்க்கை: தேசிய அளவிலான கேட் தேர்வு அல்லது தமிழக எம்.இ. நுழைவுத் தேர்வான சீட்டா-பி.ஜி. எழுதுங்கள். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரிக்கும் இதே வழிதான். டான்செட் நுழைவுத் தேர்வு இப்போது எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு மட்டும்.

பயிற்சிக்கு டவுன்ஹால் ரோட்டில் பழைய ரௌட்டர் தேடி அலைய வேண்டாம். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பும் லினக்ஸும் போதும். இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே லேப்டாப்புக்குள் தனித்தனி கணினிபோல இயங்கும் நெட்வொர்க் அறைகள்) உருவாக்கி, மெய்நிகர் கேபிள் போன்ற வெத் ஜோடியால் இணைத்து, இரண்டுக்கும் ஐபி கொடுங்கள். நெட்வொர்க் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி கட்டளையின், செயற்கைத் தாமதம் உண்டாக்கும் நெட்எம் வசதி மூலம் ஒரு பக்கம் மட்டும் 40 மில்லிசெகண்ட் தாமதம் வையுங்கள். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டைத்தான் தாமதிக்கும். இரு பக்கமும் வைத்தால் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளை 80 மில்லிசெகண்ட் காட்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

அடுத்து வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுப்படுத்தி, டிசிபி விண்டோ ஸ்கேலிங்கை (பதில் வருவதற்கு முன் அனுப்பக்கூடிய அளவான விண்டோவைப் பெரிதாக்கும் வசதி) அணைத்துவிட்டு, வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். 13 எம்பிபிஎஸ் தாண்டாது. காரணம் எளிது: ஸ்கேலிங் இல்லாத விண்டோ அதிகபட்சம் 65,535 பைட், ஒரு சுற்றுக்கு, அதாவது 40 மில்லிசெகண்டுக்கு, அவ்வளவுதான் அனுப்ப முடியும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்ற குழாயை அந்த 40 மில்லிசெகண்டும் நிரப்ப 5 லட்சம் பைட் வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் கட்டளையை மட்டும் ஓட்டினால் பயனில்லை.

இன்னொரு பொறி: நெட்எம் வரிசை இயல்பாக 1000 பாக்கெட்தான் தாங்கும். 1 ஜிபிபிஎஸ், 100 மில்லிசெகண்ட் வைத்தால், 1500 பைட் அளவில் சுமார் 8300 பாக்கெட் வழியில் இருக்கும். மீதி கொட்டிப்போகும், பழி டிசிபி மேல் விழும். நெட்எம் வரிசையின் அளவான லிமிட்டை 10,000 ஆக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.