டிஷ், ரிசீவர், நடுவில் ஒரு சிம் கார்டு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஜெர்மனியில் உல்ம் நகரத்துப் பக்கத்தில் புது வாடகை வீடு. முன்பு இருந்தவர் பால்கனி டிஷ்ஷையும் ரிசீவரையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஃபைபர் இணைப்புக்கு ஆள் வர இன்னும் பல வாரம் ஆகும் என்கிறார்கள், அதுவரை சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் கதி. சேனல்கள் வருகின்றன. ஆனால் ரிமோட்டில் சிவப்பு பட்டனை அழுத்தினால் மீடியாத்தேக், அதாவது தவறவிட்ட நிகழ்ச்சிகளை நெட்டில் பார்க்கும் சேனலின் பக்கம், திறப்பதில்லை. நெட் ஓடும் நேரத்தில் தாஸ் எர்ஸ்டே சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது, இசட்டிஎஃப் சேனல் சுத்தமாக வருகிறது. ஆபீசிலிருந்து ரிசீவருக்குள் நுழையவும் முடியவில்லை. "டிஷ் போச்சா அண்ணா, ரிசீவரை மாத்திடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறு. மூன்றும் மொபைல் நெட்டால் வந்தவை, ஆனால் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. ரிசீவரை ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சேனல் வரிசையும் போய்விடும், கோளாறும் அப்படியே இருக்கும்.

முதலில் படம் உடைவது. புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். டிஷ் வானத்திலிருந்து வாங்குகிறது, சிம் டவரிலிருந்து வாங்குகிறது, இரண்டுக்கும் என்ன உறவு என்று தோன்றும். உறவு கேபிளுக்குள் இருக்கிறது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை வரும் அலையை அப்படியே கீழே அனுப்பாது. 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கித்தான் கேபிளில் அனுப்பும். தாஸ் எர்ஸ்டே ஹெச்டி அஸ்ட்ரா 19.2 கிழக்கு என்ற சேட்டிலைட்டிலிருந்து 11,494 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதில் எல்என்பி 9,750ஐக் கழிக்கும். மிச்சம் 1,744. இப்போது உங்கள் ரவுட்டரைப் பாருங்கள். 4ஜியின் 1800 பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) அது டவரை நோக்கிப் பேசுவது 1,710 முதல் 1,785 மெகாஹெர்ட்ஸ் வரை. தாஸ் எர்ஸ்டே நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. இசட்டிஎஃப் ஹெச்டி 11,362இல் இருக்கிறது. கழித்தால் 1,612, அந்த வட்டத்துக்கு வெளியே. அதனால்தான் அது தப்பித்தது.

கேபிள் நன்றாக மூடியிருந்தால் வெளி அலை உள்ளே புகாது. புகுகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வாடகை வீடு என்றால் நான் முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் ஜன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு தட்டையான கேபிள் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் திருகுமுனை போட்டு டிஷ் கேபிளை உள்ளே கொண்டுவருவார்கள். கடையில் சில யூரோவுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு முறை ஜன்னலை மூடும்போதும் அது நசுங்கும். அதன் மேல் இருக்கும் தகடு பெயருக்குத்தான். 4ஜி சிக்னல் வீட்டில் எங்கே நன்றாகக் கிடைக்கிறது? அதே ஜன்னலில். ஆக, ரவுட்டரையும் அந்தத் துண்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பீர்கள். சரிதானே?

ஸ்டுட்கார்ட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே கதை. மதுரையிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தால் டிவியில் படம் உடையும், கால் முடிந்தால் சரியாகிவிடும். மருமகன் அதை வைத்து ஏகப்பட்ட ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். விஷயம் எளிது. யூடியூப் பார்க்கும்போது ரவுட்டர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கும். வீடியோ காலில் அது தொடர்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சுதான் கேபிளுக்குள் இறங்குகிறது. டவர் தூரமாக இருந்தால் இன்னும் உரக்கப் பேசும், அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் சிக்னலுக்கு அது பக்கத்தில் நின்று கத்துவது போல.

நீங்களே சோதித்துப் பாருங்கள். தாஸ் எர்ஸ்டே ஹெச்டியை வைத்து, ரிசீவரில் சிக்னல் தகவல் பக்கத்தைத் திறங்கள். அதில் வலிமை, தரம் என்று இரண்டு கோடு இருக்கும், தரத்தைக் கவனியுங்கள். போனை ரவுட்டரின் வைஃபையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய வீடியோவை யாருக்காவது அனுப்புங்கள். அனுப்பும்போது தரக் கோடு விழுந்து, முடிந்ததும் எழுந்தால் வழக்கு முடிந்தது. ரவுட்டரைத் தெருப்பக்க ஜன்னலுக்கோ வேறு அறைக்கோ மாற்றுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளினாலே பெரும்பாலும் போதும். தட்டைத் துண்டை எடுத்துவிட்டு, ஏ பிளஸ் தர மூடுதல் உள்ள நல்ல கேபிளைப் போட முடிந்தால் நிரந்தரத் தீர்வு. முனையில் திருகும் எஃப் கனெக்டர் ஆடுகிறதா, வெளிப்பின்னலின் ஒரு மெல்லிய கம்பி நடுக்கம்பியைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள். சில ரவுட்டர்களில் பேண்டைத் தேர்ந்தெடுக்கலாம். உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் 800 அல்லது 2600 வையுங்கள். இரண்டுமே கேபிளின் 950 முதல் 2150 எல்லைக்கு வெளியே. 800இல் வேகம் குறையும், ஆனால் சுவர்களைத் தாண்டி நன்றாக வரும். நாளைக்குக் கார்ட்லெஸ் போன் வாங்கினால் அதையும் ரிசீவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அது 1,880 முதல் 1,900இல் ஓடுகிறது, அதுவும் இந்த எல்லைக்குள்தான்.

அடுத்தது மீடியாத்தேக். இங்கே டிஷ்ஷுக்கு வேலையே இல்லை. சிவப்பு பட்டனை அழுத்தியதும் வருவதெல்லாம் இணையம் வழியாக வருவது. ரிசீவர் மெனுவில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய் ஐபி முகவரியை மட்டும் படியுங்கள். 192.168 என்று தொடங்கினால் ரிசீவரும் ரவுட்டரும் கைகோத்துவிட்டன, கோளாறு அதற்கு அப்பால். 169.254 என்றோ எல்லாம் பூஜ்யமாகவோ இருந்தால் ரவுட்டர் வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை. பழைய ரிசீவர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் தெரியும். புது ரவுட்டரில் 5 மட்டும் ஓடினாலோ, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலோ அதற்குக் கண் தெரியாது. வைஃபை பெயரில் ஜெர்மன் இரட்டைப்புள்ளி எழுத்து இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள், நான் எல்லாரிடமும் சொல்வது அதைத்தான். ரவுட்டரை வேறு அறைக்கு மாற்றியிருந்தாலும் நீளமான லேன் கேபிள் மலிவுதான்.

போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஒப்பேற்றுபவர்களும் உண்டு. ஐபோன் 12இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 'அதிகபட்ச இணக்கம்' என்ற பட்டனைப் போட்டால்தான் 2.4இல் வரும். அதோடு யாரும் இணையாமல் கொஞ்ச நேரம் போனால் ஹாட்ஸ்பாட் தூங்கிவிடும். ரிசீவரின் யுஎஸ்பி துளையில் சிம் டாங்கிளைச் செருகிப் பார்க்க வேண்டாம். அந்தத் துளை பெரும்பாலும் பதிவு செய்யும் ஹார்ட் டிஸ்க்குக்குத்தான், டாங்கிளுக்கான டிரைவர் இருக்காது.

முகவரி சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ரிசீவரின் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான பக்கம் எதுவும் திறக்காது, சான்றிதழ் காலாவதி என்று எண்ணிக்கொள்ளும். நேரத்தை சேட்டிலைட்டிலிருந்தே எடுக்கும்படி வைத்துவிடுங்கள். அப்புறம் ரவுட்டரில் ஏபிஎன் என்ற, சிம் நெட்டோடு இணைவதற்கான அமைப்புப் பகுதிக்குப் போய் ஐபி வகை என்னவென்று பாருங்கள். ஐபிவி6 மட்டும் என்று இருந்தால் பழைய ரிசீவர் திணறலாம், ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்த வகைக்கு மாற்றுங்கள். முகப்புப் பக்கம் வந்து, வீடியோவை அழுத்தினால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? மொபைல் நெட்வொர்க் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தன் உறையைப் போடுவதால் பெரிய பொட்டலங்கள் சில நேரம் வழியில் மாட்டிக்கொள்ளும். ரவுட்டரில் எம்டியு என்ற எண்ணை 1500லிருந்து 1400க்கு இறக்கிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், தம்பி. இங்கே பல திட்டங்களில் அளவு தீர்ந்ததும் நெட்டை நிறுத்த மாட்டார்கள், வேகத்தை 64 கிலோபிட்டுக்கு இறக்கிவிடுவார்கள். ரிசீவர் 'இணைந்தது' என்று பச்சை காட்டும், ஒரு பக்கமும் வராது. மாதக் கடைசியில் மட்டும் மீடியாத்தேக் 'கெட்டுப்போகிற' வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆபீசிலிருந்து ரிசீவரைத் திறப்பது பற்றி. ரவுட்டரில் போர்ட் (வெளி அழைப்பு உள்ளே வரும் வாசல்) திறந்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயன் இருக்காது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்களும் இன்னும் பலரும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10இல் தொடங்கினாலும் அதே கதைதான். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு உங்கள் வீடு எது என்றே நெட்வொர்க்குக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வெளியே போகும் விபிஎன், அதாவது நெட்டுக்குள் போடும் தனிப்பாதை, ஒரு வழி. பொது முகவரி உள்ள நண்பர் வீட்டு ரவுட்டருக்கு வயர்கார்டு என்ற வகை விபிஎன் இணைப்புப் போட்டு, அதன் வழியாக நீங்கள் உள்ளே வரலாம். ஃபைபர் வரும்வரை பொறுத்தால்தான் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரமாகப் பதிவு செய்ய வேண்டிய நிகழ்ச்சிக்குக் காலையிலேயே டைமர் வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஹெச்டியில் இணையம் வழியாக ஒரு மணி நேரம் பார்த்தால் சுமாராக 2 ஜிபிக்கு மேல் போகும். டிஷ்ஷில் பார்த்தால் ஒரு சொட்டு டேட்டாகூட வேண்டாம். நேரலையை டிஷ்ஷில் பாருங்கள், தவறவிட்டதற்கு மட்டும் மீடியாத்தேக். உங்கள் வீட்டம்மா ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தாஸ் எர்ஸ்டேயில் டெலிடெக்ஸ்ட்டை (ஒளிபரப்போடு வரும் எழுத்துப் பக்கங்களை) திறந்து 150 என்று அழுத்தினால் ஜெர்மன் எழுத்து கீழே ஓடும், இதற்கும் நெட் வேண்டாம். இரவு எட்டு மணிச் செய்தி கால் மணி நேரம்தான், நிதானமான, தெளிவான உச்சரிப்பு. தினமும் எழுத்தோடு சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியே தீர வேண்டும். கடிதம் இன்னும் வரவில்லை என்றால் சீக்கிரம் வரும். கட்டுகிற காசுக்குப் பார்த்துவிடுங்கள். தமிழ் சேனல்களுக்கு இந்த டிஷ்ஷை நம்பாதீர்கள், அதை ஃபைபர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

சிம் திட்டத்தை 24 மாத ஒப்பந்தமாக எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மாதாமாதம் ரத்து செய்யக்கூடியதை எடுங்கள். முதலில் ரவுட்டரை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். பிறகும் உடைந்தால், எந்தெந்தச் சேனல் உடைகிறது, ரவுட்டர் எந்தப் பேண்டில் நிற்கிறது என்ற இரண்டையும் எழுதுங்கள், கழித்துப் பார்த்துச் சொல்கிறேன்.