ரேடியோஹெட்டின் ‘தி பெண்ட்ஸ்’: கேள்வி பதில்

இங்கிலாந்து ராக் குழுவான ரேடியோஹெட்டின் இரண்டாவது ஆல்பம் ‘தி பெண்ட்ஸ்’ 1995 மார்ச்சில் வெளிவந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, ‘பெண்ட்ஸ்’ என்றால் வளைவுகளா?

இல்லை தம்பி, அது ஒரு நோய். ஆழ்கடலில் காற்று உருளையோடு இறங்கியவர் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பி மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ‘க்ரீப்’ என்ற ஒரே பாட்டால் ஆக்ஸ்போர்டுப் பையன்கள் ஐந்து பேரும் கிடுகிடுவென்று மேலே வந்தவர்கள்தானே. பெயர் பொருத்தம்தான்.

முதல் ஆல்பம் சுமார். அதே ஆட்களா இதையும் செய்தார்கள்?

அதே ஆட்கள்தான், ஆனால் லேசில் வந்துவிடவில்லை. 1994 தொடக்கத்தில் தயாரிப்பாளர் ஜான் லெக்கியோடு லண்டன் ஆர்ஏகே ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். அடுத்த ‘க்ரீப்’ எங்கே என்று ரெக்கார்டு கம்பெனி காத்திருக்கிறது. கிடாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் புது ஒலி வேண்டுமென்று நாள்கணக்கில் விதவிதமான கருவிகளை மாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் பழைய டெலிகாஸ்டர் கிடாரையே எடுத்துக்கொண்டார்! வேலை நகரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் கச்சேரிப் பயணம் போனார்கள். மேடையில் வாசித்து வாசித்துப் பாட்டுகள் கைக்கு வந்துவிட்டன. திரும்பி வந்ததும் மீதி வேலை மளமளவென்று முடிந்தது. என்னைக் கேட்டால், இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது அந்தப் பயணம்தான்.

‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’ பாடிவிட்டு பாடகர் தாம் யார்க் அழுதாராமே, நிஜமா?

நிஜம். பதிவின்போது ஒரு மாலை லண்டனில் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி கச்சேரிக்குப் போனார்கள். பக்லி குரலை அடக்காமல் உச்சிக்கு விட்டுப் பாடியவர். ஸ்டுடியோவுக்குத் திரும்பிய யார்க் அக்கூஸ்டிக் கிடாரோடு பாடி முடித்துவிட்டு உடைந்து அழுதார். மற்றவர்கள் தங்கள் வாசிப்பை அப்புறம் அதன்மேல் சேர்த்தார்கள். ஹெட்போனில் கேளுங்கள்: ஆரம்பத்தில் குரலும் கிடாரும் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

‘மை அயர்ன் லங்’ மேடைப் பதிவு என்கிறார்களே, கைதட்டலே இல்லையே?

1994 மே மாதம் லண்டன் அஸ்டோரியா அரங்கில் வாசித்ததுதான். கூட்டத்தின் சத்தத்தை எடுத்துவிட்டு, யார்க் குரலை மட்டும் மறுபடி பாடிச் சேர்த்தார்கள்.

அட்டையில் இருப்பது யார் முகம்?

யாருடையதும் இல்லை! ஓவியர் ஸ்டான்லி டான்வுட்டும் யார்க்கும் ‘மை அயர்ன் லங்’ பாட்டில் வரும் இரும்பு நுரையீரலை, அதாவது மூச்சுவிட உதவும் கருவியைப் படம்பிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது பார்க்கச் சப்பென்று இருந்தது. அங்கே கிடந்த முதலுதவிப் பயிற்சி பொம்மையை வீடியோ எடுத்து, அதை டிவியில் ஓடவிட்டு, திரையைப் புகைப்படம் எடுத்தார்கள். வலியா சுகமா என்று சொல்லமுடியாத அந்த முகம் அப்படித்தான் கிடைத்தது.

நைஜல் காட்ரிச்சுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு, ஒலிப்பதிவு இஞ்சினியராக. லெக்கி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் ‘பிளாக் ஸ்டார்’ பாட்டை இவரை வைத்துப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆல்பமான ‘ஓகே கம்ப்யூட்டர்’ தொடங்கி அவரை விடவே இல்லை.

எனக்கு ‘ஹை அண்ட் ட்ரை’தான் பிடிக்கும். தப்பா?

தப்பென்ன? யார்க்குக்கே அந்தப் பாட்டு ஆகாது. 1993இல் எடுத்த பழைய பதிவைத் தூசு தட்டிச் சேர்த்தது அது. நான் இன்று காலைகூட இரண்டு தடவை கேட்டேன்.