ஏரிப் படகுக்கு எந்தப் புரொப்பல்லர் வாங்குவது?

கேள்வி: 22 அடி நீளமுள்ள பாண்டூன் படகு (மிதவைக் குழாய்களின் மேல் தளம் போட்டது) ஒன்றை, 40 எச்.பி. நான்கு ஸ்டிரோக் அவுட்போர்டு மோட்டாருடன் பழையதாக வாங்கி, எங்கள் பகுதி ஏரியில் நானும் என் தம்பியும் சவாரி ஓட்டுகிறோம். பத்துப் பேர் ஏறியதும் படகு திணறுகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. திராட்டிலை முழுதாகத் தள்ளினாலும் 4,800 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடச் சுற்று) மேல் ஏறுவதில்லை. வேகம் மணிக்கு 28 கி.மீ. இப்போது இருப்பது 13 பிட்ச் அலுமினியம் புரொப்பல்லர். அதை எடுத்துவிட்டு 15 பிட்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் வேகம் கூடும் என்று சென்னைக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம். கடைக்காரர் சொல்வதற்கு நேர்மாறான திசையில் நீங்கள் போக வேண்டும்.

புரொப்பல்லரின் ஹப்பில், அதாவது இதழ்கள் பொருந்தியிருக்கும் நடுக்குடத்தில், இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது தண்ணீரில் சிறிதும் நழுவாமல் சுற்றினால் ஒரு சுற்றுக்குப் படகு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. பிட்ச் கூடக் கூட எஞ்சின் தள்ள வேண்டிய சுமையும் கூடுகிறது. பாரம் ஏற்றிய வண்டியை டாப் கியரில் மேட்டில் ஏற்ற முயல்வது போன்ற நிலையில்தான் உங்கள் மோட்டார் இப்போதே இருக்கிறது. 15 பிட்ச் போட்டால் 4,400 வரை இறங்கிவிடக்கூடும். அப்படித் திணறும் எஞ்சினில் கரி படியும். பிஸ்டனும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

மோட்டாருடன் வந்த கையேட்டில், முழுத் திராட்டிலில் எஞ்சின் எந்த ஆர்.பி.எம். எல்லைக்குள் ஓட வேண்டும் என்று குறித்திருப்பார்கள். இந்த அளவு மோட்டார்களுக்கு 5,000 முதல் 6,000 வரை, அல்லது 5,500 முதல் 6,000 வரை என்று இருப்பது வழக்கம். வழக்கமாக ஏற்றும் பாரத்துடன் ஓட்டும்போது அந்த எல்லையின் மேல்பாதியில் எஞ்சின் நிற்க வேண்டும். புரொப்பல்லரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இதுதான், வேகமோ, எச்.பி.யோ, கடையில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிற பளபளப்போ அல்ல. ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை ஏறும். ஆகவே, 13இலிருந்து 10க்கு இறங்கினால் நீங்கள் ஏறத்தாழ 5,300 முதல் 5,400 வரை எட்டலாம். கையேட்டின் எல்லை 5,500இல்தான் தொடங்குகிறது என்றால் 9 பிட்ச்சையும் சோதித்துப் பாருங்கள். பிட்ச்சைக் குறைக்கும்போது விட்டம் சற்றுப் பெரியதாக, இதழ் அகன்றதாகக் கிடைத்தால் பாண்டூனுக்கு நல்லது. ஆனால் அகன்ற புரொப்பல்லர் தானும் கொஞ்சம் ஆர்.பி.எம்.மை எடுத்துக்கொள்ளும் என்பதால், கணக்குப் போட்டதைவிட எண் சற்றுக் குறைவாகவே காட்டும்.

பிட்ச் குறைந்தால் வேகம் போய்விடுமே என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உங்கள் மோட்டாரின் கியர் விகிதம் 2:1 என்று வைத்துக்கொள்வோம். 4,800 ஆர்.பி.எம்.மில் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,400 முறை சுற்றுகிறது. 13 அங்குலம் என்பது 33 செ.மீ. நழுவல் இல்லையென்றால் படகு மணிக்கு 47.5 கி.மீ. போக வேண்டும்; நீங்கள் போவதோ 28. ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலான உழைப்பு தண்ணீரைக் கலக்குவதிலேயே போகிறது. 10 பிட்ச்சில் 5,400 எட்டினால் ஏட்டுக் கணக்கில் வருவது 41 கி.மீ.தான். ஆனால் அதே 28இல் ஓடினாலும் நழுவல் 32 சதவீதமாகக் குறைந்துவிடும். எஞ்சின் மூச்சுத் திணறாது. நின்ற இடத்திலிருந்து படகு எளிதாகக் கிளம்பும். பல பாண்டூன்களில் பிட்ச்சைக் குறைத்த பிறகு வேகம் சற்றுக் கூடவே செய்யும்.

காசைக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். திராட்டில் கேபிள் தளர்ந்து, கைப்பிடியை முழுதாகத் தள்ளியும் எஞ்சினில் முழுதாகத் திறக்காமல் இருப்பது பழைய மோட்டார்களில் சகஜம். மிதவைக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருந்தால், எந்தப் புரொப்பல்லரும் உதவாது. படகைக் கரையேற்றி, குழாயின் அடைப்பானைக் கழற்றிப் பாருங்கள். ஆர்.பி.எம். காட்டும் டாக்கோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றும் மலிவான மீட்டரில், எத்தனை சுற்றுக்கு ஒரு பொறி என்ற அமைப்பைத் தவறாக வைத்திருந்தால் எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டும். சோதனை ஓட்டம் பத்துப் பேருடன் ஒரு முறை, இருவருடன் ஒரு முறை நடக்கட்டும். இருவருடன் ஓட்டும்போது 6,000ஐத் தாண்டினால் பிட்ச் குறைந்துவிட்டது என்று பொருள், ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வேண்டாமா? மூன்று இதழா, நான்கு இதழா என்பதிலும் குழப்பம் இருக்கிறது.
— அதே வாசகர்

பதில்: நம் பக்கத்து ஏரிகளை நினைத்துப் பார்த்தால் பதில் எளிது. சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேல மரம் வளர்த்து வெட்டியிருக்கிறார்கள். அடிக்கட்டைகள் அப்படியே நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பியிருக்கும்போது அவை ஆழத்தில் கிடக்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வடிந்ததும் புரொப்பல்லரின் மட்டத்துக்கு வந்துவிடும். அலுமினிய இதழ் கட்டையில் பட்டால் வளையும், உடையும். நஷ்டம் பெரும்பாலும் புரொப்பல்லரோடு நின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எளிதில் வளையாது என்பதால் அடி உள்ளே போகிறது. ஹப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் நழுவி விட்டுக்கொடுக்காத தருணத்தில் ஷாஃப்டும் கியரும் அதைத் தாங்க நேரிடும், கியர்பாக்ஸின் விலையோடு ஒப்பிட்டால் புரொப்பல்லர் விலை ஒன்றுமேயில்லை. மெல்லிய, விறைப்பான ஸ்டீல் இதழின் நன்மை வேகமாகப் பாயும் படகுகளில்தான் தெரியும். மணிக்கு 30 கி.மீ.கூடத் தொடாத பாண்டூனுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பது வீண் என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் இரண்டு அலுமினியம் வாங்கி, ஒன்றைக் காட்டர் பின், நட்டு, ஸ்பானருடன் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதழ் விஷயத்தில் நான் நான்கின் பக்கம். கூரை போட்ட பாண்டூனை ஆடிக்காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். துறையை நெருங்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் நான்கு இதழ் தண்ணீரை இறுகப் பிடிக்கும். அதற்கு விலையாக 50 முதல் 100 ஆர்.பி.எம். வரை போகும், எனவே மூன்று இதழுக்குக் கணக்கிட்ட பிட்ச்சிலிருந்து ஓர் அங்குலம் குறைத்து வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். ஆகாயத்தாமரை வேரைவிட ஆபத்தானது தூண்டில் நரம்பு. அது ஷாஃப்டில் சுற்றி, உள்ளே சென்று, கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

கேள்வி: சமவெளிக் குளத்தில் நன்றாக ஓடிய படகை ஏலகிரியில் எங்கள் விடுதிக் குளத்துக்குக் கொண்டுவந்தோம். அதே மோட்டார், அதே புரொப்பல்லர். ஆனால் இழுவை இல்லை. மோட்டாரில் கோளாறு என்று விற்றவரிடம் கேட்கலாமா?
— ஒரு வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: அவசரப்பட வேண்டாம். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏற ஏற எஞ்சின் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். காற்று மெலிந்திருப்பதுதான் காரணம். ஆக, உங்கள் மோட்டார் பத்தில் ஒரு பங்கை மலையில் விட்டுக்கொடுத்திருக்கிறது. மின்னணு எரிபொருள் செலுத்தி உள்ள மோட்டார் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும்; கார்புரேட்டர் என்றால் மெக்கானிக்கிடம் ஜெட்டை (பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள பாகம்) மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டிலும் இழந்த திறன் திரும்பாது. ஓர் அங்குலம், தேவைப்பட்டால் இரண்டு அங்குலம் பிட்ச்சைக் குறைத்துப் பாருங்கள். சமவெளியிலும் அக்னி நட்சத்திர நாள்களின் நண்பகலில் இதே விளைவு சிறிய அளவில் தெரியும். சூடான காற்றும் மெலிந்ததே.

கேள்வி: புதிய புரொப்பல்லர் போட்டுச் சில நாள்களிலேயே, திராட்டில் கொடுத்தால் எஞ்சின் அலறுகிறது, படகு நகர்வதில்லை. புரொப்பல்லரை ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் கிட் பொருந்தவில்லை என்கிறார் மெக்கானிக். கடையிலோ, விற்ற பொருளைத் திரும்பப் பெற முடியாது என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய், ரப்பர், வெளி ஹப் ஆகிய மூன்றையும் குறுக்காகக் கடந்து செல்லும்படி பெயின்டால் ஒரே கோடு இழுத்து, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முறிந்து இரு பக்கமும் விலகி நின்றால் ஹப் சுழன்றுவிட்டது. கோடு அப்படியே இருந்தால், புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. மோட்டாரை ஒரு துளை கீழே இறக்கி மாட்டினால் சரியாகலாம். ஹப்தான் என்றால் கோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் மாடலை நீங்கள் சொல்லி, அதற்குரியது என்று அவர்கள் கொடுத்திருந்தால், பொருந்தாததற்கு அவர்களே பொறுப்பு. மாடல் எண்ணும் ஹப் கிட்டின் பகுதி எண்ணும் பில்லில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பில்லில் அச்சிட்ட வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை அச்சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து தம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. நீங்களே படகோட்டிப் பிழைப்பவர் என்றால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். ஆள் வைத்துப் பல படகுகள் ஓட்டும் நிறுவனத்துக்கு இந்த வழி பெரும்பாலும் திறக்காது.

கடைக்கு எழுத்து மூலம் ஒரு கடிதம் அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால், கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு சேர்ந்துவிட வேண்டும். அதுவரை சுழன்றுபோன ஹப்பைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.