அப்பாவின் பழைய கோப்புகள் திறக்கவில்லையா? கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். அதன் பிறகு அவருடைய படங்களும் ஆவணங்களும் இருக்கும் கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஆனால் இன்னொரு முறை விண்டோஸ் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஆலை போட்டு நாட்டுச் சர்க்கரை காய்ச்சியவர். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை வாங்குகிறார்களே, அந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை போட்ட கணக்கெல்லாம் கணினியில்தான் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு கணினி இயங்க மறுத்தது. கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அம்மாவுக்குக் கணக்கு பெரிதில்லை. அம்மாவின் அப்பாவான அப்பிச்சி, மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தைப் பற்றிப் பேசியதை அப்பா பதிவு செய்து வைத்திருந்தார். “அப்பிச்சி குரல் அதற்குள்தான் இருக்கிறது கண்ணு, கிடைத்துவிடுமா?” என்று அம்மா கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

கிடைத்தது. ஏன் கிடைத்தது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் கிணறும் வரப்பும் அங்கேயேதான் இருக்கின்றன, பதிவேட்டில் பெயர்தான் பழையது. விண்டோஸ் ஒவ்வொரு பயனரையும் பெயரால் அல்ல, ஒரு நீண்ட அடையாள எண்ணால் அறிகிறது. புதிதாகப் போட்டதும் அந்த எண் மாறிவிடும். அதே பெயர், அதே கடவுச்சொல் கொடுத்துக் கணக்குத் தொடங்கினாலும் அதன் கண்ணுக்கு நீங்கள் வேறு ஆள். பழைய கோப்புறை பழைய எண்ணுக்கே சொந்தமாக நிற்கிறது.

நிர்வாகி உரிமையுள்ள கணக்கு இருந்தால் பட்டாவை நீங்களே மாற்றலாம். கோப்புறையின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். ஓனர் என்ற வரியில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண் தெரிந்தால் மனம் தேறலாம், அது பழைய பயனரின் எண்ணாகத்தான் இருக்கும். அருகில் உள்ள சேஞ்ச் என்பதை அழுத்தி உங்கள் கணக்கின் பெயரைக் கொடுங்கள். ஓனர் வரிக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் தோன்றும். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் உரிமையாளரை மாற்றுவதற்கான கட்டம் அது, அதில் குறியிட மறக்காதீர்கள். முதல் நாள் நான் அதை விட்டுவிட்டு, வெளிக்கதவு திறந்தும் உள்ளறைகள் திறக்காமல் இரவெல்லாம் தவித்தேன். பிறகு சாளரத்தை மூடித் திறந்து, உங்கள் பெயருக்கு முழு அனுமதி கொடுங்கள். இதை அப்பாவின் கோப்புறைக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் செய்தால் விண்டோஸே கெட்டுவிடும்.

கோப்புறையையே காணவில்லை என்றால், சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். பழைய பயனரின் டெஸ்க்டாப்பும் ஆவணங்களும் அதற்குள் இருக்கக்கூடும். சுமார் 10 நாளில் அது தானாகவே அழிக்கப்படலாம் என்பதால் இன்றே வெளி வட்டில் நகல் எடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்வது வலி தரும் பகுதி. பொள்ளாச்சியில் இருக்கும் என் பெரியம்மா மகன் வீட்டில் பட்டாவை மாற்றியும் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பெரியப்பா அவற்றைக் குறியாக்கம் செய்து வைத்திருந்தார். குறியாக்கம் என்றால் எழுத்தே உருமாறிக் கிடக்கிறது, உரிமையாளர் யாராக இருந்தாலும் சாவி இல்லாமல் படிக்க முடியாது. அந்தச் சாவி பழைய பயனர் கணக்குக்குள் இருந்தது. சி டிரைவை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸ் போட்டதில் அது போய்விட்டது. வட்டின் வேறு பகுதியில் இருந்த கோப்புகள் மட்டும் ஊமையாக நிற்கின்றன.

ஆகவே எதையும் தொடும் முன் ஒரு கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில், ஜெனரல் பக்கத்தில் உள்ள அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்திப் பாருங்கள். என்கிரிப்ட் என்ற கட்டத்தில் குறி இருந்தாலோ, கோப்பின் சின்னத்தில் பூட்டு தெரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். முன்பே சாவியைச் சான்றிதழ்க் கோப்பாக எடுத்து வைத்திருந்தால் பென் டிரைவுகளில் தேடுங்கள், அதன் பெயர் பிஎஃப்எக்ஸ் என்று முடியும். விண்டோஸ்.ஓல்டும் அப்பாவின் பழைய கடவுச்சொல்லும் இருந்தால் தரவு மீட்பு தெரிந்தவரால் இன்னும் முயல முடியும். பழைய விண்டோஸ் அப்படியே ஓடும் கணினியாக இருந்தால், நிர்வாகி கணக்கிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிவிடாதீர்கள், சாவி பழைய கடவுச்சொல்லோடு கட்டப்பட்டது.

டிரைவ் முழுவதும் பூட்டிக்கொண்டு 48 இலக்க எண்ணைக் கேட்டால் அது பிட்லாக்கர், டிரைவையே குறியாக்கம் செய்யும் விண்டோஸின் பூட்டு. அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த மீட்பு எண் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இன்னும் உங்களிடம் இருக்கின்றனவா? அப்பா இப்போது இல்லை என்றாலும் சிம் கார்டை ரத்து செய்யாமல் வைத்திருங்கள், உள்நுழையும்போது வரும் குறியீடு அந்த எண்ணுக்குப் போகக்கூடும்.