கிளவுஸ் போட்டா கை அரிக்குது, எதை மாத்தணும்?

கேள்வி: ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருக்கேன். லேடெக்ஸ் கிளவுஸ் போட்டா மறுநாள் கை செவந்து அரிக்குது, தோல் வெடிக்குது. நைட்ரைலுக்கு மாத்தியும் நிக்கல. போகப் போக பழகிடும்னு சொல்றாங்க, நிஜமா?
- வாசகி ஒருவர்

பதில்: பழகாதும்மா, விட்டா அதிகமாகத்தான் செய்யும். சர்ஜிக்கல் கிளவுஸ் பொறந்ததே ஒரு நர்ஸோட கை புண்ணானதாலதான். 1889-90 வாக்குல பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில கரோலின் ஹாம்ப்டன்ங்கிற நர்ஸுக்கு கிருமி போக கை முக்குற மெர்குரிக் குளோரைடு ஒத்துக்காம தோல் கெட்டுப்போச்சு, சர்ஜன் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிகிட்ட சொல்லி மெல்லிசா கிளவுஸ் செஞ்சு வாங்கிக் குடுத்தார் (1890லயே ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க). நோயாளிக்கு சீழ் பிடிக்கிறது குறையுதுன்னு ஹால்ஸ்டெட்கிட்ட வேலை பார்த்த சர்ஜன் பிளட்குட் தன்னோட ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் கணக்கை வச்சு காட்டினது 1899லதான். முதல்ல காப்பாத்தினது போட்டவங்க கையத்தான்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். லேடெக்ஸ்ங்கிற இயற்கை ரப்பர்ல இருக்கிற புரோட்டீன் ஒத்துக்கலேன்னா பெரும்பாலும் போட்ட கொஞ்ச நேரத்துலயே தடிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சுத்திணறல் வரைக்கும் போகும், அது உயிருக்கே ஆபத்து. பவுடர் போட்ட கிளவுஸ்ல அந்த புரோட்டீன் காத்துலயும் பறக்கும், அமெரிக்கா 2017ல பவுடர் கிளவுஸைத் தடை பண்ணினதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா உங்களுக்கு மறுநாள்தானே வருது? எனக்கு சந்தேகம் ஆக்சிலரேட்டர் மேல, அதாவது ரப்பரை இறுக வைக்கிறதுக்கு சேர்க்குற தையூரம், கார்பமேட் மாதிரி கெமிக்கல். நைட்ரைல் செயற்கை ரப்பர்தான்னாலும் பல நைட்ரைல் கிளவுஸ்லயும் அது இருக்கு, அதனாலதான் மாத்தியும் நிக்காம இருக்கலாம். இதுக்கு பேட்ச் டெஸ்ட் (அந்த கெமிக்கலை தோல்ல ஒட்டி வச்சுப் பார்க்கிறது) பண்ணணும், லேடெக்ஸுக்கு பண்ற டெஸ்ட் வேற. அலர்ஜியே இல்லாம, ஸ்கிரப் பண்ணின ஈரத்தோட மாட்டுறதாலயும் தோல் கெடும், நல்லா காய விட்டுட்டு போடுங்க.

டெஸ்ட்ல ஆக்சிலரேட்டர்தான் காரணம்னு வந்தா அது இல்லாத கிளவுஸ் கேளுங்க. லேடெக்ஸ்தான் பிரச்சனைன்னா பாலிஐசோபிரீன்ங்கிற செயற்கை ரப்பர் கிளவுஸ் இருக்கு, தொட்டா லேடெக்ஸ் மாதிரியே இருக்கும். சைஸும் பாருங்க, இறுக்கமா இருந்து கை மரத்துப் போனா அரை சைஸ் பெருசு போட்டாலே நிக்கலாம். அரிப்புக்குன்னு வாசலின் தடவிட்டு லேடெக்ஸ் மாட்டிடாதீங்க, எண்ணெய்ப் பசை ரப்பரை இளக்கி ஓட்டை போட வச்சிடும்.

ஸ்கின் டாக்டர்கிட்ட போறப்போ நீங்க போடுற கிளவுஸ் ரெண்டு வகையிலயும் ஒண்ணொண்ணு, கவரோட எடுத்துட்டுப் போங்க.