அலகு குத்திய கன்னம் இரண்டாம் நாள் வீங்கினால்

அலகு குத்திய இடம் வீங்கி, துளி மஞ்சள் சீழும் வருகிறதே, விஷம் ஏறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கன்னம் சிவந்து, சூடாகி, லேசாக வீங்கியிருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் பயப்படுகிற மாதிரி விஷம் ஏறியதல்ல, உடம்பு தன் காவல் வேலையைச் செய்கிறது. தைப்பூசத்துக்கு மொரீஷியஸின் குவாத்ர் போர்ன் மலைக்கோவிலில் அலகு குத்தியபோதே தோல் என்கிற முதல் மதில் உடைந்துவிட்டது. உடனே தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிட, ரத்தக் குழாய்கள் விரிந்து, சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் திரண்டு வந்து கிருமிகளை விழுங்கத் தொடங்கும். அந்தக் கிருமியை முன்பு பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை, பிறவி எதிர்ப்பாற்றலில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது அதுதான். நீங்கள் சொன்ன துளி மஞ்சள் சீழிலும் பெரும்பகுதி செத்த வெள்ளையணுக்களே.

சரி, ஒன்று செய்யுங்கள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். சிவப்பு அதைத் தாண்டினாலோ, சீழ் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். துளையைப் பிதுக்க வேண்டாம், அதற்குள் விபூதி பூசவும் வேண்டாம்.

சர்க்கரை நோய் இருந்தால் காத்திருக்கவே கூடாது, ஏனென்றால் சர்க்கரை ஏறினால் அந்த வெள்ளையணுக்களே மந்தமாகிவிடும். அப்புறம், டெட்டனஸ் நஞ்சை இந்தக் காவல் தடுக்காது. கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.