ஸ்பைடர் மேன்: டோபி மகுவையர் நடித்த பழைய தொடர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடித்த புதிய தொடர், எதில் நடிகர் தேர்வு பொருத்தம்?

சாம் ரைமி இயக்கிய மூன்று படங்களையும் (2002, 2004, 2007), அதன்பின் கதையை முதலிலிருந்து தொடங்கி மார்க் வெப் இயக்கிய இரண்டு 'அமேசிங்' படங்களையும் (2012, 2014) ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பேச்சு பெரும்பாலும் டோபியா ஆண்ட்ரூவா என்பதிலேயே நின்றுவிடும். நான் ஸ்பைடர் மேனாகும் பையன் பீட்டர் வளர்ந்த வீட்டிலிருந்து தொடங்குகிறேன். என் ஓட்டு பழைய தொடருக்கு. முதல் காரணம் ரோஸ்மேரி ஹாரிஸ், பீட்டரை வளர்க்கும் மே பெரியம்மாவாக நடித்தவர்.

ஆங்கிலத்தில் 'ஆண்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நம் முறைப்படி பார்த்தால் மேயின் கணவர் பென், பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன். ஆகவே அவர் பெரியப்பா, மே பெரியம்மா. ஆனால் 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய காமிக்ஸில் மே நரைத்த தலையோடு பாட்டியைப் போலத்தான் இருப்பார். ரைமி அந்த உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். ரோஸ்மேரி ஹாரிஸ் 1927இல் பிறந்தவர், முதல் படம் வரும்போது எழுபதைத் தாண்டியவர். அந்த வயதுதான் கதைக்கு வேலை செய்கிறது. உண்மை தெரிந்தால் இந்தக் கிழவி தாங்குவாரா என்று பீட்டர் பயப்படும்போது நமக்கும் பயமாக இருக்கிறது.

நான் வளர்ந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் கோலாலம்பூரில் வேலை பார்த்தார்கள், நான் தாத்தா பாட்டியோடு லயத்து வீட்டில். இரண்டாம் பாகத்தை நாங்கள் பார்த்தது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய விசிடியில், இரண்டு தட்டு. பாட்டி விடியற்காலையில் ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போய் வருபவர். ஆங்கிலம் தெரியாது, கீழே ஓடும் மலாய் எழுத்தையும் வாசிக்க மாட்டார். ஆனாலும் கீழே பாயில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே கடைசி வரை பார்த்தார்.

முதல் தட்டில், பீட்டரின் பிறந்தநாளன்று பெரியம்மா இருபது டாலர் கொடுக்கும் காட்சி வரும். வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறது, கையில் காசில்லை என்று அவனுக்குத் தெரியும், அதனால் மறுக்கிறான். அவர் திடீரென்று சத்தம் போடுகிறார், வாங்கிக்கொள் என்று. அடுத்த நொடியே உடைந்து அழுகிறார். பாட்டி எதுவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார். காரணம் எனக்குத் தெரியும். அப்பா என்னைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பாட்டி இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நான்காக மடித்த சிவப்புப் பத்து வெள்ளி (ரிங்கிட்) தாளை எடுத்து நீட்டுவார். அப்பா வேண்டாம் என்பார். "பெத்தவ குடுத்தா வாங்கணும்டா" என்று பாட்டியின் குரல் அடுத்த வீடு வரை கேட்கும். வறுமையிலும் கொடுக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தை ரோஸ்மேரி ஹாரிஸ் எங்கே பார்த்துப் பழகினாரோ, அப்படியே செய்திருக்கிறார்.

இரண்டாவது தட்டு போட்டுக் கொஞ்ச நேரத்தில் சமையலறை மேசைக் காட்சி. பெரியப்பா சாவுக்குத் தானும் காரணம், அந்தத் திருடனை அன்றைக்கு நான்தான் போகவிட்டேன் என்று பீட்டர் சொல்லிவிடுகிறான். சொல்லும்போது அவர் கையைப் பிடித்திருக்கிறான். அவர் திட்டவில்லை, அழவில்லை. கையை மட்டும் மெதுவாக உருவிக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். பாட்டி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "கைய எடுத்துட்டா பாரு" என்றார். பாஷை தெரியாத ஒருவருக்கு முழுக் காட்சியும் அந்த ஒரு கையிலேயே விளங்கியது. நடிகர் தேர்வு சரி என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பென் பெரியப்பாவாக வந்த கிளிஃப் ராபர்ட்சனும் அப்படித்தான். முதல் படத்தில் அவர் வேலை போன எலக்ட்ரீஷியன். நாளிதழில் வேலை விளம்பரம் தேடுகிறார், எல்லாமே கணினி வேலையாக இருக்கிறது. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது தாத்தாவை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் பல மாதம் அவர் வாசலில் உட்கார்ந்து நாளிதழை மடித்து மடித்துப் பிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். ராபர்ட்சன் அந்த வெட்கத்தை மறைக்கப் பார்க்கும் விதம், தமாஷாகப் பேசிச் சமாளிக்கும் விதம், அவ்வளவு நிஜம்.

புதிய தொடரில் பென்னாக மார்ட்டின் ஷீனும் மேயாகச் சாலி ஃபீல்டும் வந்தார்கள். இருவரும் பெரிய நடிகர்கள், குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஷீன் கோபப்படும் அப்பாவைப் போல. அவர் திட்டும்போது பையன் கதவை அறைந்துவிட்டுப் போக, கண்ணாடி உடையும் காட்சி நன்றாகவே இருக்கும். சாலி ஃபீல்ட் வயதில் இளையவர், தைரியமானவர், இரண்டாம் படத்தில் பையனுக்குத் தெரியாமல் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறார். முதல் படத்தின் கடைசியில் பீட்டர் முகமெல்லாம் காயத்தோடு வந்து ஒரு முட்டைப் பெட்டியை நீட்டுவான், அவன் வாங்கி வர மறந்த அதே முட்டை. அதை வாங்கிக்கொண்டு அவர் அவனைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் கலங்குவேன். ஆனால் இந்த வீடு உடைந்துபோகும் என்ற பயம் எனக்கு அங்கே வரவில்லை. சாலி ஃபீல்ட் எதையும் தாங்கிக்கொள்வார் என்று முகத்திலேயே தெரிகிறது.

சரி, நாயகர்கள். முதல் படம் வெளியானபோது டோபிக்கு 26 வயது, 2012இல் ஆண்ட்ரூவுக்கு 28. இரண்டு பேரும் ஐந்தாம் படிவ (பதினேழு வயது) மாணவன் என்றால் நம்புவது சிரமம்தான். ஆனால் டோபிக்கு எங்கே நின்றாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தயங்கும் ஒரு முகம். வாடகைப் பாக்கி, பறிபோன பீட்சா வேலை எல்லாம் அந்த முகத்தில் ஒட்டுகிறது. ரயிலை நிறுத்திவிட்டு மயங்கிய அவரைப் பயணிகள் தலைக்கு மேல் தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள். முகமூடி இல்லாமல் கிடப்பவன் ஒரு சின்னப் பையன் என்று அவர்கள் உணரும் நேரத்தில், 26 வயதோ 29 வயதோ யாருக்கும் தோன்றாது.

ஆண்ட்ரூ முகமூடி போட்டபின்தான் உயிர்பெறுகிறார். காமிக்ஸில் ஸ்பைடர் மேன் சண்டையின் நடுவிலும் வாயாடுவான். அந்தத் துடுக்குத்தனம் டோபியிடம் குறைவு, ஆண்ட்ரூவிடம் நிறைய. முகமூடி இல்லாதபோது மட்டும், பள்ளியில் இவனை யாரும் மதிக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. அழகும் உயரமும் ஸ்கேட் பலகையுமாகத் திரிகிறவனை எந்தப் பள்ளியில் ஒதுக்குவார்கள்?

காதலி விஷயத்தில் புதிய தொடர்தான் மேல், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கர்ஸ்டன் டன்ஸ்ட் நல்ல நடிகை, மேரி ஜேனின் சோகமான வீட்டையும் நடிகையாகும் ஆசையையும் அழகாகக் காட்டினார். ஆனால் மூன்று படத்திலும் வில்லனிடம் சிக்கிக் கத்துவதற்கே அவரைப் பயன்படுத்தினார்கள். எம்மா ஸ்டோனின் க்வென், பீட்டருக்குச் சமமான மூளைக்காரி. இருவரும் பேச்சைத் தொடங்கி முடிக்கத் தெரியாமல் தடுமாறும் பள்ளி வராந்தாக் காட்சியில் நடிப்பு என்ற எண்ணமே வராது. அதனால்தான் 2014இல் கடிகாரக் கோபுரத்தில் அவர் விழும்போது அப்படி வலித்தது. 2007இலேயே பிரைஸ் டல்லாஸ் ஹவர்ட் க்வெனாக வந்தார் என்பது பலருக்கு நினைவில்கூட இல்லை. பாவம், அவருக்கு எழுதியது அவ்வளவுதான்.

வில்லன்களில் பழைய தொடர் பக்கத்தில்கூட யாரும் வர முடியாது. கிரீன் காப்ளினாக வந்த வில்லெம் டஃபோ கண்ணாடியைப் பார்த்து இரண்டு ஆளாகப் பேசும் காட்சிக்கு ஒரு தந்திரக் காட்சியும் தேவைப்படவில்லை. அவருக்கு அந்தப் பச்சை இரும்பு முகமூடியை மாட்டியதுதான் தப்பு, இப்படிப்பட்ட முகத்தை மூடலாமா? ஆல்ஃப்ரெட் மொலினாவுக்கு அந்தத் தடை இல்லை, அதனால் டாக்டர் ஆக்டோபஸ் இன்னும் உயரத்தில் நிற்கிறார். மறுபக்கம் ரீஸ் இஃபான்ஸ் பல்லியாக மாறியதும் நடிகரே காணாமல் போகிறார். ஜேமி ஃபாக்ஸின் திறமையை நீல வெளிச்சத்துக்குள் போட்டுப் புதைத்தார்கள். எங்களுக்குத் தனி வருத்தம் இர்ஃபான் கான். அவர் இருக்கிறார் என்பதற்காகவே ஈப்போ வரை போய்ப் பார்த்தோம். பாலத்துக் காட்சிக்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் ஜே.கே. சிம்மன்ஸ். பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனாக அவர் செய்ததைத் தாண்ட இன்னொருவரைத் தேடுவதே வீண் என்று புதிய தொடர் எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு படத்திலும் ஜேம்சன் முகத்தையே காட்டவில்லை. 2019இல் டாம் ஹாலண்ட் படத்தின் கடைசியில் ஜேம்சன் வந்தபோது அதே சிம்மன்ஸ்தான் வந்தார். நாயகன் இரண்டு தடவை மாறிவிட்டான், ஆசிரியர் மட்டும் மாறவில்லை.

2021இல் மூன்று நாயகர்களும் சேர்ந்து வந்த படத்தைத் தம்பியோடு ஈப்போவில் பார்த்தேன். கீழே விழும் டாம் ஹாலண்டின் காதலியை ஆண்ட்ரூ பாய்ந்து பிடித்துவிட்டு, கண் கலங்கி நிற்கும் இடத்தில் கொட்டகையே அமைதியானது. அவருக்கு இன்னொரு படம் கொடுத்திருக்கலாமே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு 'அமேசிங்' படங்களையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆண்ட்ரூ மேல் இருந்த மதிப்பு கூடியது. மே பெரியம்மா என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த மேசையில் கையை உருவிக்கொண்டு எழுந்து போனவர்தான்.